பி டவர் ஆறும் வரை

குருவுக்கு முப்பத்தைந்து வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. தொழிற்சாலையில் எல்லோரும் இதைச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

குருவின் பெயர் மரகதவல்லி. சீடரின் பெயர் தேவசகாயம். ஆசிரமம் எங்கே என்று கேட்டால், உப்பளங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் ஏ டவர், பி டவர் என்று இரண்டு ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள், சுவரில் காற்றின் ஈரத்தைக் காட்டும் ஒரு மீட்டர், ஒரு டெலிபோன், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு எவர்சில்வர் டம்ளர். குரு நீலச் சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டும் போட்டிருப்பார். சீடருக்கு முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது.

இந்தக் கதைக்குக் கொஞ்சம் தொழில் தெரிந்திருக்க வேண்டும். அதிகமில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் அளவுதான்.

அங்கே உப்பிலிருந்து குளோரின் எடுத்தார்கள். குளோரின் பொல்லாதது, ஆனால் அதற்கும் ஒரு நியாயம் உண்டு. ஈரம் படாதவரை இரும்பை ஒன்றும் செய்யாது, வருடக்கணக்காகத் தொட்டிக்குள் சாதுவாகக் கிடக்கும். கொஞ்சம் ஈரம் சேர்ந்துவிட்டால் அமிலமாகி உள்ளேயிருந்தே குழாயைத் தின்ன ஆரம்பித்துவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு அப்பளமாகியிருக்கும். என்றைக்கு உடையும் என்று யாருக்கும் தெரியாது.

தொட்டியிலிருந்து குளோரினை லாரிக்கு ஏற்றுவதற்குக் காற்றை அழுத்தித் தள்ளவேண்டும். அந்தக் காற்றில் ஈரம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் டவர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பட்டாணி அளவில் லட்சக்கணக்கான வெள்ளை மணிகள். புத்தகத்தில் அதற்கு ஆக்டிவேட்டட் அலுமினா என்று பெயர், கொட்டகையில் வெறும் மணிதான். காற்று அதன் வழியாகப் போகும்போது ஈரத்தை மணி குடித்துக்கொள்ளும். குடித்தது வெளியே தெரியாது. நனையாது, நிறம் மாறாது. நிறைந்துவிட்டால் மட்டும் சத்தமில்லாமல் குடிப்பதை நிறுத்திவிடும்.

அதனால்தான் இரண்டு டவர்கள். ஒன்று குடிக்கும்போது மற்றதை ஹீட்டர் போட்டு இருநூறு டிகிரிக்குச் சூடாக்குவார்கள். குடித்ததெல்லாம் ஆவியாக வெளியேறும். நாலு மணி நேரம் சுடவேண்டும், அப்புறம் மூன்று மணி நேரம் மூடிவைத்து ஆறவிடவேண்டும். ஆறியபின் வால்வைத் திருப்பி டவரை மாற்றுவார்கள். இப்படியே வருடம் முழுக்க.

மாற்றும் முன்னால் ஒரு வழக்கம் இருந்தது. சுட்ட டவரின் அடியில் உள்ள சின்னக் கதவைத் திறந்து நாலு மணியைக் கரண்டியில் எடுத்து, டம்ளர் தண்ணீரில் போட்டுக் காதை வைத்துக் கேட்பார்கள். ஈரமில்லாத மணி தண்ணீரைக் குடிக்கும்போது பொரிகிற மாதிரி மெல்லச் சத்தம் வரும். நிறைந்த மணி ஊமையாக அடியில் போய் உட்கார்ந்துவிடும். மீட்டர் வருவதற்கு முந்தைய காலத்துப் பழக்கம் அது. மீட்டர் வந்தபிறகும் யாரும் விடவில்லை. மணி பேசுதா என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

தேவசகாயம் இருபத்தைந்து வருடம் உப்புக் கரைசல் பகுதியில் இருந்தவர். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதால் இங்கே மாற்றிவிட்டார்கள். வந்து மூன்று மாதமாகிறது. இந்த மூன்று மாதத்தில் அவர் பயந்த மாதிரி அதற்கு முன் ஐம்பத்திரண்டு வருடத்திலும் பயந்ததில்லை.

குளோரினைக் கண்டு பயம் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அது இல்லை.

முதல்நாள் அவர் ஒன்றைப் பார்த்தார். மரகதவல்லி டவரிலிருந்து மணியை எடுத்தவுடன் தண்ணீரில் போடவில்லை. ஒரு சின்னக் கண்ணாடி சீசாவில் போட்டு இறுக்க மூடி, பேசாமல் உட்கார்ந்துவிட்டார். ஏன் மேடம் என்று கேட்டதற்கு, சூட்டோடு போட்டால் எந்த மணியும் சத்தம் போடும், அதை நம்பி மாற்றக் கூடாது என்றார். சூடாக இருக்கிற மணி காலியாகத்தான் இருக்கும், ஆனால் ஈரத்தை வாங்காது, வந்த காற்றை வந்தபடியே விட்டுவிடும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

தேவசகாயம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், டவர் ஆள் மைத்துனன் கல்யாணத்துக்குப் போனதால், அவரை ஒரே ஒரு ஷிப்டுக்கு இந்தக் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். மணியை டம்ளரில் போடு, பேசினால் மாற்று என்று மட்டும் சொன்னார்கள். சீசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவர் மணியைச் சூட்டோடு எடுத்துப் போட்டார். சடசடவென்று பேசியது. மாற்றிவிட்டு, வேலை சுலபம்தான் என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தார். மீட்டர் ஊசி ஏறி நின்றதை அவர் பார்க்கவேயில்லை. அடுத்த ஷிப்டு ஆள் பார்த்து, மீட்டர் கோளாறு என்று எழுதிவைத்தார்.

ஏழு வாரம் கழித்து லாரி ஏற்றும் இடத்தில் குழாய் உடைந்தது. அங்கே நின்றவர் சூசை. தேவசகாயத்தின் தெருவுக்கு அடுத்த தெரு, சின்ன வயதிலிருந்தே சேக்காளி. உயிர் பிழைத்தார், நுரையீரல் பிழைக்கவில்லை. இப்போது பத்தடி நடந்தால் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். மகனுடைய செல்போன் கடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய நாள்.

விசாரணையில் பழைய குழாய் என்று முடித்துவிட்டார்கள். அது உண்மையாகக்கூட இருக்கலாம். அந்த இருக்கலாம்தான் தேவசகாயத்தைத் தூங்கவிடவில்லை. தன் கையால்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் அழுதுவிடலாம், இல்லை என்று தெரிந்தால் சிரித்துவிடலாம். இரண்டுக்கும் வழியில்லாமல் மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் சூசை இவருக்காகக் காத்திருப்பார். இவர்தான் அவருடைய மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். நீ ஒருத்தன்தான்ல எனக்கு என்று சூசை சொல்வார். போன ஞாயிற்றுக்கிழமையும் சொன்னார்.

மரகதவல்லி அதிகம் பேசமாட்டார். இங்கே வருவதற்கு முன் வேறு ஊரில் எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலையில் வேலை பார்த்தவர். அங்கேயும் இதே மணிதான், ஆனால் ஈரம் குடிக்க அல்ல. நாற்றமடிக்கிற வாயுவைக் கந்தகமாக மாற்றுவதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். அங்கே மணி என்ன செய்யும் என்று ஒருநாள் தேவசகாயம் கேட்டார்.

"ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி. சும்மா இருக்கும்."

"பொறவு?"

"அதுமேல வந்து உக்காருறது மாறிப் போவும்."

அவ்வளவுதான். அதற்குமேல் விளக்கம் கேட்டால் டம்ளரைக் கழுவப் போய்விடுவார்.

கதை நடந்த நாள் ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. மூன்று நாளாக அடைமழை. உப்பளமெல்லாம் குளமாகிக் கிடந்தது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பேசுவதே கஷ்டம். பி டவருக்கு விடியற்காலை ஷிப்டிலேயே ஹீட்டர் போட்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, தேவசகாயத்துக்குக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"மேடம், இந்தப் பயம் எப்பப் போவும்?"

மரகதவல்லி அவரைத் திரும்பிப் பார்த்தார். என்ன பயம் என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து, மாற்றுகிற வால்வின் பூட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இன்னைக்கு நீங்க மாத்துங்க."

மூன்று மாதத்தில் அந்தச் சாவி அவர் கைக்கு வந்ததில்லை. வேண்டாம் மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மரகதவல்லி குடையை எடுத்துக்கொண்டு, ஆபீஸில் மீட்டிங், பத்து மணிக்குப் பி டவர் சுட்டு முடியும், ஒரு மணிக்கு ஆறிவிடும், அதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிவிட்டார்.

சீடர் தனியாக நின்றார். சாவி கையில் வழுக்கியது. மழைதான் காரணம் என்று சொல்லமுடியாது, அவர் கூரைக்கு அடியில் நின்றிருந்தார்.

பத்து மணிவரை ஒன்றும் நடக்கவில்லை. ஹீட்டர் தானாக நின்றது. அதே நேரம் கீழே லாரியில் குளோரின் ஏற்ற ஆரம்பித்தார்கள். பத்தே முக்காலுக்கு அவர் மீட்டரைப் பார்த்தார். ஊசி மைனஸ் நாற்பதில் நிற்கவேண்டும், ஈரம் கூடினால் பூஜ்யத்தை நோக்கி ஏறும். மைனஸ் முப்பத்தைந்தில் நின்றது.

தட்டிப் பார்த்தார். முப்பத்துநாலு.

ஏ டவர் இரண்டு மணிவரை தாங்கும் என்பது கணக்கு. ஆனால் மூன்று நாள் மழையில் காற்று தண்ணீராகவே வந்துகொண்டிருந்தது. மணிகள் சீக்கிரமே நிறைந்துவிட்டன. முப்பத்திரண்டு. அவர் ஆபீஸுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. முப்பது. மைனஸ் இருபதைத் தாண்டினால் ஈரக் காற்று தொட்டிக்குப் போகிறது என்று அர்த்தம். தொட்டியிலிருந்து குழாய்க்கு. குழாய்க்குப் பக்கத்தில் இன்றைக்கு யார் நிற்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தார். நினைத்திருக்கக் கூடாது.

பி டவரின் வெப்பமானி நூற்று எழுபது காட்டியது.

கை தானாகச் சின்னக் கதவைத் திறந்தது. கரண்டியில் நாலு மணி எடுத்தார். சீசாவைத் தேடக்கூட இல்லை, டம்ளரில் போட்டார். சடசடசட என்று பேசியது. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எவ்வளவு தெளிவான பேச்சு. மாற்று, மாற்று என்று சொல்கிற மாதிரியே இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னாலும் இதே டம்ளர்தான், அடிப்பக்கம் சப்பி இருந்த இதே டம்ளர்.

அவர் சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்தார். வால்வின் பிடியில் கையை வைத்தார்.

அங்கேயே நின்றுவிட்டார். திருப்பவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. ஏ டவர் நிறைந்துவிட்டது, பி டவர் கொதிக்கிறது, மூன்றாவது டவர் கிடையாது. ஊசி இருபத்தாறுக்கு வந்தது. மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னார்.

அப்புறம் கையை எடுத்தார். எப்படி எடுத்தார் என்று பிற்பாடு கேட்டபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஓடிப்போய், தொட்டிக்குக் காற்று போகிற சிவப்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் சுற்றி இறுக்க மூடினார். கீழே லாரிப் பக்கம் எச்சரிக்கை மணி அலறியது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் லோடிங் சூப்பர்வைசர் இசக்கிமுத்து முழுக்க நனைந்து வந்து நின்றார். பின்னாலேயே குடையோடு மரகதவல்லியும் வந்துவிட்டார். யார் காற்றை நிறுத்தியது என்று இசக்கிமுத்து கத்தினார். நான்தான் என்று தரையிலிருந்தே சொன்னார் தேவசகாயம். பாதி ஏற்றிய லாரி நிற்கிறது, இன்னும் இரண்டு லாரி வாசலில் நிற்கிறது, இன்னொரு டவர் எதற்கு இருக்கிறது, அழகு பார்க்கவா என்று கேட்டார். கரண்டியை எடுத்து அவரே பி டவரிலிருந்து இரண்டு மணியை டம்ளரில் போட்டார். சடசடவென்றது.

"கேக்குதா? எப்படிப் பேசுது பாருங்க. மாத்த வேண்டியதுதான?"

"அது சூட்டுல பேசுது சார்" என்றார் தேவசகாயம். "மாத்த மாட்டேன்."

இசக்கிமுத்து மரகதவல்லியைப் பார்த்தார். இந்த ஆளைக் கொண்டுவந்து இங்கே வைத்ததே தப்பு என்று அந்தப் பார்வை சொன்னது.

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும்" என்றார் மரகதவல்லி.

"மேல இருந்து கேட்டா?"

"என் பேரைச் சொல்லுங்க."

இசக்கிமுத்து முணுமுணுத்துக்கொண்டே போனார். மரகதவல்லி கதவைச் சாத்திவிட்டு வால்வுக்குப் போனார். பூட்டு திறந்து கிடந்தது. கிரீஸ் தடவிய பிடியில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"மாத்தப் போயிட்டு நிறுத்தியிருக்கீங்க. ஏன் அண்ணாச்சி?"

தேவசகாயம் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். இப்போதும் பொய் சொல்லிவிடலாம். நீங்கள் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது என்று சொன்னால் போதும், பாராட்டுகூடக் கிடைக்கும்.

"முன்னால ஒரு தடவ மாத்திட்டேன் மேடம்."

பிறகு எல்லாம் வந்துவிட்டது. மைத்துனன் கல்யாணம், டம்ளர், டீ, மீட்டர் கோளாறு, ஏழு வாரம், சூசையின் மூச்சு, மடக்கு ஸ்டூல், நீ ஒருத்தன்தான்ல எனக்கு. எதையும் வரிசையாகச் சொல்லவில்லை. நடுவில் அழுதார். ஐம்பத்திரண்டு வயது ஆள் ஹெல்மெட்டோடு அழுவது பார்க்க நன்றாக இருக்காது. மரகதவல்லி பார்க்காமலும் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. சும்மா இருந்தார்.

சொல்லி முடித்தபோது தேவசகாயத்துக்கு உடம்பு முழுக்கக் காய்ச்சல் மாதிரிச் சுட்டது. அதோடு, நெஞ்சில் மூன்று மாதமாக இருந்த கல் நகர்ந்த மாதிரியும் இருந்தது. எழுந்து நின்றார்.

"இப்பவே போறேன் மேடம். சூசைகிட்டச் சொல்லிருதேன். லீவு போட்டுக்கிடுங்க."

"பி டவர் எத்தனை டிகிரி?"

அவர் திரும்பிப் பார்த்தார். "நூத்தி நாப்பது."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். மழை விடவில்லை. அரை மணி நேரம் போனது. அவருக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. என்னென்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாமல் செய்தது. யாரும் சொல்லித் தரவில்லை. பழைய குழாய் என்றுதான் விசாரணையில் சொன்னார்கள்.

"சூசை அண்ணாச்சி என்ன சொல்லுவாரு?" என்றார் மரகதவல்லி.

"மன்னிச்சிருவான். நல்லவன்."

"மன்னிக்கலைன்னா?"

இவ்வளவு நேரம் அடுக்கியதில் சூசை பேசுகிற இடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இவர் பேசுகிற இடம். சூசை பேச ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் முதல்முறையாக நினைத்தார். காலையில் வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்த பயம் அப்படியே திரும்பி வந்தது. எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

"எத்தனை டிகிரி?"

"நூத்திப் பத்து."

"டவர் கதவைத் தொறந்து வச்சா சீக்கிரம் ஆறும் மேடம்" என்றும் சொன்னார் தேவசகாயம், ஏதாவது பேசவேண்டும் என்பதற்காக.

"ஆறும். ஆறும்போதே வெளியீரத்தையும் குடிச்சிரும். மூடியே இருக்கட்டும்."

பன்னிரண்டு மணிக்கு ஒருவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒருவர் திறந்து பார்த்தார்கள். மரகதவல்லியிடம் எலுமிச்சைச் சாதம், இவரிடம் ரசமும் நெத்திலிக் கருவாடும். பாதி பாதி மாற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். மூன்று மாதத்தில் முதல்முறையாகத் தேவசகாயத்துக்குச் சோறு இறங்கியது. இடையில் இசக்கிமுத்து இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் மரகதவல்லி, ஆறுகிறது என்று மட்டும் சொல்லி வைத்தார்.

டவர் தொண்ணூறுக்கு வந்தது, எழுபதுக்கு வந்தது. ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், என்ன சொல்லலாம் என்று அடுக்கிவைத்தவை ஒவ்வொன்றாக மறந்துபோயின. தெரியாமல் செய்தது என்பது முதலில் போனது. பழைய குழாய் என்பது கடைசிவரை நின்று, அப்புறம் அதுவும் போனது. நான்தான் மாற்றினேன் என்பது மட்டும் மிச்சம் இருந்தது. அதைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும்.

ஒன்றே கால் மணிக்கு மரகதவல்லி எழுந்து பி டவரின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு அவரை வைக்கச் சொன்னார். ஆள் உடம்புச் சூடுதான் இருந்தது. நாலு மணியை எடுத்துச் சீசாவில் மூடிவைத்து, பிறகு டம்ளரில் போட்டார்கள். மழை கொஞ்சம் ஓய்ந்திருந்ததால் கேட்டது. காலையில் கேட்ட சடசடப்பு இல்லை. யாரோ பக்கத்து அறையில் மெதுவாகப் பேசுகிற மாதிரி இருந்தது. தேவசகாயம் டம்ளரில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"மாத்துங்க."

மாற்றினார். பயம் இருக்கத்தான் செய்தது. பயந்துகொண்டேதான் மாற்றினார். சிவப்புச் சக்கரத்தைத் திறந்தார். ஊசி இறங்க ஆரம்பித்து, இருபது நிமிடத்தில் மைனஸ் நாற்பதில் போய் நின்றது. கீழே லாரியின் சத்தம் கேட்டது.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் கேட்டார். "இனிமே சூசை என்ன சொன்னாலும் நான் தாங்குவேனா மேடம்?"

"பேசுதான்னுதான் டம்ளர்ல பாக்க முடியும்" என்றார் மரகதவல்லி. "வாங்குதான்னு காத்து வந்தாத்தான் தெரியும்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷிப்டு முடிந்து அவர் நேராகச் செல்போன் கடைக்குப் போனார். வீட்டுக்குப் போய்க் குளிக்கக்கூட இல்லை. தெருவில் முழங்காலளவு தண்ணீர்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மரகதவல்லி வந்தபோது தேவசகாயம் முன்னாலேயே வந்து கொட்டகை வாசலில் நின்றிருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"போனேன் மேடம்."

"சொன்னீங்களா?"

"நான்தான் மாத்தினேன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"மகனை வெளிய போய் நிக்கச் சொன்னான். பொறவு திட்டினான். என்னைய, எங்கம்மைய, நான் ஸ்டூல் தூக்கினதை, எல்லாத்தையும். பதினோரு வருசத்தையும் சொன்னான். எந்தெந்த நாள் படியேற முடியாம நின்னான்னு சொன்னான். மக கல்யாணத்துல மேடைக்கு ஏற முடியாம கீழயே நின்னதைச் சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன் அன்னைக்கு."

"நீங்க?"

"கேட்டுக்கிட்டே நின்னேன்."

மரகதவல்லி கதவைத் திறந்தார். இருவரும் உள்ளே போனார்கள். இரவில் லாரி எதுவும் ஏற்றாததால் பி டவர் இன்னும் நிறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய நாளிலிருந்து நிறைந்து கிடந்த ஏ டவரை இரவு ஷிப்டு ஆள் தொடாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"பொறவு?"

"பாதியில மூச்சு முட்டிருச்சு அவனுக்கு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டான். தண்ணி எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக் குடிச்சான். போறேன் சூசைன்னு சொன்னேன். நிமிந்து பாத்தான்."

தேவசகாயம் மாறிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

"இன்னும் இருக்குல, இன்னைக்கு மூச்சு இல்ல, நாளைக்கு வான்னான்."

வெளியே மறுபடி தூறல் ஆரம்பித்தது. மரகதவல்லி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"நேத்துச் சொன்னதுல பயம் போயிருக்கணும் மேடம். போகல. இன்னைக்குப் போவ நேத்தைவிடப் பயமா இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

மரகதவல்லி ஏ டவரின் பக்கம் கையைக் காட்டினார்.

"அது நிறைஞ்சுபோய் நிக்குது. ஹீட்டரைப் போடுங்க அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள்ள ஆறிரும்."